தூக்கிப் பிடித்த ஒன்பது சிலேட்டுகள்

1

இந்தக் கதை எனக்குள் பல காலம் ஊறித் தானாக வெளியே வந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் அது தபாலில் வந்தது. போன மாதம், அதாவது 1999 ஜூலையில், பயிற்சி ஆசிரியர்களுக்குக் கையேடு தயாரிக்கும் ஒரு குழுவிடமிருந்து கடிதம். வகுப்பறைக்குள் சாதி பார்க்கக் கூடாது என்பதை விளக்கும் சிறுகதை ஒன்று வேண்டும், இரண்டு பக்கத்துக்குள் இருக்க வேண்டும், இறுதியில் நீதி, நீதிக்குக் கீழே ஐந்து வினாக்கள்.

ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். அன்பே உருவான இளம் ஆசிரியை ஒருத்தி, கொடுமைக்காரத் தலைமையாசிரியர் ஒருவர். அவருக்குப் பெரிய மீசைகூட வைத்திருந்தேன். காபி குடித்துவிட்டு வந்து படித்துப் பார்த்தால் எனக்கே கொட்டாவி வந்தது. அந்த மீசைக்காரரை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பார்த்ததில்லை. நான் பார்த்தது வேறு. அதைப் பத்து வருஷமாக எழுதாமல் வைத்திருக்கிறேன், ஏனென்றால் அதில் கெட்டவர்கள் யாருமே இல்லை. கெட்டவர் இல்லாத கதையில் நீதியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

குழுவுக்கு வேறு ஏதாவது எழுதிக் கொடுத்துக்கொள்கிறேன். இதை உங்களுக்குச் சொல்கிறேன்.

2

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன். அடித்ததையும் அப்படியே விட்டுவைக்கிறேன்.

"பனியன் கம்பெனிச் சங்கு ஊதியபோது ரங்காத்தாள் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டே—"

(வேண்டாம். திருப்பூர்க் கதை என்றால் சங்கு ஊதியே ஆக வேண்டுமா? எங்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி பல்லடம் ரோட்டில் இருந்தது. அங்கே கேட்டதெல்லாம் விசைத்தறிச் சத்தமும், ஒன்றையொன்று முந்திக்கொண்டு போகும் பிரைவேட் பஸ்களின் ஹாரனும்தான்.)

"சமத்துவம் என்பது மானுட—"

(இப்படித் தொடங்குகிற எதையும் நான் முழுதாகப் படித்ததில்லை. உங்களை மட்டும் எதற்குப் படிக்கச் சொல்ல வேண்டும்.)

மூன்றாவது இது:

1989இல் ரங்காத்தாளுக்கு* இருபது வயது. காங்கேயத்துக்குப் பக்கத்தில் தோட்டமும் மானாவாரிக் காடும் உள்ள குடும்பம். அண்ணன் ஆத்தப்பன் திருப்பூரில் பன்னிரண்டு மெஷின் போட்டுப் பனியன் தைத்துக்கொண்டிருந்தான். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோது, டீச்சர் ஆகாமல் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து, பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தவள்.

விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்தவள் மாரக்காள். பல்லடத்துக்குத் தெற்கே ஓர் ஊரின் காலனிப் பெண். பிளஸ் டூ முடித்ததும் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இரண்டு வருஷம் செக்கிங் பார்த்துவிட்டுப் பயிற்சிக்கு வந்திருந்தாள். வீட்டிலிருந்து முறுக்கு டப்பா வந்தால் ரங்காத்தாள் முதலில் திறந்து நீட்டுவது மாரக்காளிடம்தான். ஒரு தட்டில் இருவரும் சாப்பிட்டதை நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தனக்குச் சாதி கிடையாது என்று ரங்காத்தாள் நம்பினாள். அப்படி நம்புவதற்கு அவளிடம் நியாயமான காரணங்களும் இருந்தன.

* இது அவளுடைய உண்மைப் பெயர் அல்ல. மாரக்காள் மட்டும் தன் பெயரை மாற்றவே கூடாது என்று சொல்லிவிட்டாள்.

3

இங்கே ஒரு சந்தேகம் வந்து பேனாவை வைத்துவிட்டேன். ரங்காத்தாளை இவ்வளவு நல்லவளாக எழுதலாமா? படிப்பவர்கள், அவள் தோட்டத்துக்காரி என்பதால் இவள் பூசி மெழுகுகிறாள் என்று சொல்ல மாட்டார்களா? (சொல்லட்டும். என் அப்பா பல்லடத்தில் கோழித்தீவனக் கடை வைத்திருந்தார். நான் எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்டால், காலனிப் பக்கம் இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.)

மாரக்காள் இப்போது மடத்துக்குளத்தில் டீச்சர். எழுதிய வரைக்கும் அவளுக்குத் தபாலில் அனுப்பினேன். நான்காம் நாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டாள்.

"அவளை நல்லவளாவே எழுது புள்ள. அவ நல்லவதான். என்னைத்தான் நீ சாமியாக்கிப் போட்டே. அவ சோப்பை நான் தெனமும் எடுத்துத் தேச்சுக் கரைச்சதை எழுதவே இல்லியே?"

எழுதிவிட்டேன். தினமும் தேய்த்தாள். கேட்டால் குளியலறையில் எலி இருக்கிறது என்பாள்.

4

எங்கள் பயிற்சியில் விமரிசன வகுப்பு என்று ஒன்று உண்டு. பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளிக்குப் போய் ஒருத்தி பாடம் நடத்துவாள். மற்ற பத்துப் பேர் பின் பெஞ்சுகளில் உட்கார்ந்து நோட்டில் குறை நிறைகளை எழுதுவோம். பாடம் முடிந்ததும் சத்துணவுக் கூடத்துத் தாழ்வாரத்தில் வட்டமாக உட்கார்ந்து, நடத்தியவளுக்கு எதிரிலேயே ஒவ்வொருத்தியும் எழுதியதை வாசிக்க வேண்டும். இன்றைக்கு நான் ஒருத்தியைக் குறை சொன்னால் நாளைக்கு அவள் என்னைச் சொல்வாள். ஆகவே எங்களுக்குள் பேசி வைக்காத ஓர் ஒப்பந்தம் இருந்தது. இரண்டு நிறை, ஒரு குறை. அந்தக் குறை யாருக்கும் வலிக்கக் கூடாது. "கரும்பலகையில் எழுத்து சற்றுச் சிறியது" என்பதுதான் எங்கள் செட்டில் அதிகம் புழங்கிய குறை. எழுத்து பானை அளவு இருந்தாலும் அதையே எழுதுவோம்.

விரிவுரையாளர் கமலாம்பாள் அந்த வருஷம் புதிதாக ஒரு கட்டளை போட்டிருந்தார். பாடக்குறிப்பில் நோக்கம், துணைக்கருவி, செயல்பாடு எல்லாவற்றுக்கும் கீழே இன்னொரு வரி எழுத வேண்டும்: "இப்பாடத்தில் சமத்துவம் எங்கே வருகிறது?" புத்தகத்தில் ஒரு பாடமாக மட்டும் இது இருந்தால் போதாது, நாளைக்கு வகுப்புக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு பாடத்திலும் இதை யோசித்துப் பழக வேண்டும் என்றார். சரியான யோசனைதான். நாங்கள்தான் அதையும் கோடிட்ட இடமாக்கி நிரப்பினோம். தவளையின் வளர்ச்சிப் பருவங்களை நடத்திய பூவாத்தாள், "தவளைகளுக்குள் உயர்வு தாழ்வு இல்லை" என்று எழுதினாள். காற்றைப் பற்றி நடத்தியவளுக்கு வேலை சுலபமாகப் போயிற்று. நான் திசைகள் நடத்தினேன். நான்கு திசைகளும் சமம் என்று எழுதியதாக நினைவு.

ரங்காத்தாளுக்குக் கிடைத்தது மூன்றாம் வகுப்பு, கடன் வாங்கிக் கழித்தல். "பெரிய எண்ணும் சிறிய எண்ணும் சேர்ந்தால்தான் கணக்கு பிறக்கிறது" என்று எழுதினாள். கமலாம்பாள் அதற்கு அடியில் 'மிக நன்று' போட்டார். அந்த இரண்டு சொல்லை அவள் அன்றைக்கு எத்தனை தடவை எடுத்துப் பார்த்தாள் என்பது மாரக்காளுக்குத்தான் தெரியும்.

5

பாடம் நிஜமாகவே நன்றாக இருந்தது. அண்ணன் கம்பெனியிலிருந்து ஒரு பை நிறையக் கட்டிங் வேஸ்ட் துணி வாங்கிவந்து, விரல் அகல நாடாக்களாக வெட்டி, பத்துப் பத்தாக முடிச்சுப் போட்டிருந்தாள். ஐம்பத்திரண்டு என்றால் ஐந்து முடிச்சு, இரண்டு உதிரி. இரண்டிலிருந்து ஏழு போகாது. அப்படியானால் ஒரு முடிச்சை அவிழ். இப்போது உன்னிடம் பன்னிரண்டு. முடிச்சை அவிழ்க்க நான் நீ என்று பிள்ளைகள் முண்டியடித்தார்கள்.

பிறகு கரும்பலகையில் கணக்கு எழுதிப் போட்டு, சிலேட்டில் செய்யச் சொல்லி, வரிசை வரிசையாகப் போய்த் திருத்தினாள். மொத்தம் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். மணி அடிக்கும்போது எல்லாச் சிலேட்டையும் பார்த்து முடித்திருந்தாள். முகத்தில் வியர்வையும் சிரிப்புமாக எங்களைப் பார்த்தாள்.

அன்றைய என் நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. "குரல் தெளிவு. துணைக்கருவி மிக நன்று. கரும்பலகையில் எழுத்து சற்றுச் சிறியது."

6

தாழ்வாரத்தில் ஒன்பது பேர் வாசித்து முடித்தோம். ஒன்பது பேருக்கும் எழுத்து சிறியதாகத்தான் தெரிந்திருந்தது. கடைசியாக மாரக்காள். அவள் வாசிக்கவில்லை, ஒரு தாளை எடுத்துக் கமலாம்பாளிடம் நீட்டினாள்.

தாளில் வகுப்பின் படம். பிள்ளைக்கு ஒரு கட்டமாக முப்பத்தெட்டுக் கட்டங்கள். மேற்குச் சுவரை ஒட்டிய ஒன்பது கட்டங்களில் மட்டும் சின்னச் சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. தைத்து வந்த பனியனை விரித்துப் பார்த்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் செக்கிங்காரர்கள் அந்த இடத்தில் ஒட்டுவார்களே, அந்த அம்பு ஸ்டிக்கர்.

கமலாம்பாள் தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார். இது எந்தத் தலைப்பில் வரும் என்று கேட்டார்.

"தலைப்புத் தெரியலீங்க மேடம்," என்றாள் மாரக்காள். "இருபத்தொம்போது சிலேட்டைக் கையில வாங்கித் திருத்துனாங்க. ஒம்போது சிலேட்டை மட்டும் தூக்கிப் புடிக்கச் சொல்லி, எட்ட நின்னு பாத்து, ரைட்டு தப்புன்னு வாயில சொன்னாங்க. அந்த ஒம்போதுக்குத்தானுங்க அம்பு."

மேற்குச் சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்கள் காலனிப் பிள்ளைகள். அங்கே உட்காரச் சொல்லி யாரும் சொன்னதில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்தே அவர்களாகப் போய் அங்கே உட்கார்ந்துகொள்வார்கள். எந்தப் பிள்ளை எந்தத் தெரு என்று ரங்காத்தாள் யாரிடமும் விசாரித்ததில்லை. விசாரிக்காமல் இருந்ததில் அவளுக்கு உள்ளூரப் பெருமையும் இருந்தது.

"அவங்க யாரு எவருன்னே எனக்குத் தெரியாதுங்க மேடம்."

"அதானுங்க எனக்கும் புரியலை," என்றாள் மாரக்காள். "உங்களுக்குத் தெரியாதுன்னா, உங்க கைக்கு யாருங்க சொன்னாங்க?"

உள்ளே சத்துணவு ஆயா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கமலாம்பாள் தாளை மடித்துத் தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, நாளைக்கு அதே வகுப்பில் அதே பாடத்தை ரங்காத்தாள் மறுபடி நடத்தட்டும் என்றார். மாரக்காள் பார்த்த அதே நாற்பது நிமிஷத்தை அதே பெஞ்சில் இருந்து நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

7

இந்த இடத்தில் கதையை முடிக்க மூன்று வழி பார்த்தேன்.

(அ) ரங்காத்தாள் மாரக்காளைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். இது பொய். அன்று சாயங்காலம் அவள் சோப்பு டப்பாவை டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

(ஆ) கமலாம்பாள் அரைமணி நேரம் உருக்கமாகப் பேசுகிறார், எல்லோரும் திருந்துகிறோம். அவர் பேசியது உண்மை. நாங்கள் திருந்தியதாக நினைவில்லை, எல்லோருக்கும் பசி.

(இ) பிற்காலத்தில் ரங்காத்தாள் நல்லாசிரியர் விருது வாங்க, மேடையில் மாரக்காள் கைதட்டி—

(விடுங்கள்.)

நடந்தது என்னவோ துணி துவைக்கும் கல்லடியில் ஒரு சண்டை. அறைக்குள் வைத்துத் தன்னிடம் மட்டும் சொல்லியிருக்கலாமே, இத்தனை பேர் நடுவில் மானத்தை வாங்கிவிட்டாயே என்று ரங்காத்தாள் கேட்டாள். அடுத்த கல்லில் நான்தான் துவைத்துக்கொண்டிருந்தேன்.

"ரூம்ல சொல்லியிருந்தா நீ முறுக்கு குடுத்துச் சமாதானம் பண்ணியிருப்பே," என்றாள் மாரக்காள். "நான் செக்கிங்ல இருந்தவ ரங்கா. நாங்க பீஸைத் திட்ட மாட்டோம், தெச்சவங்களையும் திட்ட மாட்டோம். எடத்தைக் காட்டுவோம். அவ்வளவுதான் எங்க வேலை."

ரங்காத்தாள் துணியைக் கல்லில் அடிப்பதை நிறுத்திவிட்டு நின்றாள். அப்போது அவள் எதை நினைத்திருப்பாள் என்று நானாக எழுதுகிறேன், தப்பாக இருந்தால் அவள் மன்னிக்கட்டும். அவர்கள் தோட்டத்தில் வேலைக்கு வருகிறவர்களிடம் அரிவாளைக் கையில் கொடுக்க மாட்டார்கள். தரையில் வைப்பார்கள், வந்தவர்கள் குனிந்து எடுத்துக்கொள்வார்கள். அரிவாளைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று அவளுடைய அம்மா காரணம் சொல்லியிருந்தார். மண்வெட்டியும் தரைக்குத்தான் போனது, வெற்றிலையும் தரைக்குத்தான் போனது. வெற்றிலையால் என்ன சண்டை வரும் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. பார்த்துக்கொண்டே வளர்ந்தாள், கை கற்றுக்கொண்டது. நினைக்க நினைக்க அவளுக்கு அவமானமாக இருந்தது. அவமானம் கொஞ்ச நேரத்தில் வீம்பாக மாறியது.

"நாளைக்கு உன் தாள்ல ஒரு அம்புகூட ஒட்ட விட மாட்டேன், பாரு."

"அது உன் கையிலதான் இருக்குது," என்றாள் மாரக்காள்.

அதற்குப் பிறகு ரங்காத்தாளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. மதிப்பெண் வேண்டாம், 'மிக நன்று' வேண்டாம், அம்பு ஒட்டாத ஒரு தாள் போதும்.

8

மறுநாள் அதே முடிச்சுகள், அதே நாடாக்கள். கரும்பலகையில் 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லி எழுதினாள். எழுத்து பெரிதாகவே இருந்தது. பிள்ளைகள் செய்து முடித்ததும் நேராக மேற்குச் சுவர்ப் பக்கம் போனாள்.

முதலில் இருந்தவன் வெள்ளையன். அவள் அருகே போவதற்கு முன்பே சிலேட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துவிட்டான். கையில் குடு கண்ணு என்றாள். அவன் குழம்பிப்போய், சிலேட்டைத் தரையில் வைத்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தான். ரங்காத்தாள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு குனிந்து எடுத்தாள். இருபத்தைந்து. சரி போட்டு, அவன் கையைப் பிடித்து அதில் கொடுத்தாள். அடுத்த பெண்ணும் தரையில்தான் வைத்தாள். மூன்றாவது சாமியாத்தாள் என்ற சிறுமி. நீட்டிய கையைப் பார்த்தாள், ரங்காத்தாள் முகத்தைப் பார்த்தாள், மறுபடியும் கையைப் பார்த்துவிட்டுச் சிலேட்டை அதில் வைத்தாள்.

ரங்காத்தாளுக்கு மனசு நிறைந்துவிட்டது. பெரிதாக ஒரு சரி போட்டாள். அதற்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளும் கையிலேயே கொடுத்தார்கள். ஒன்பது சிலேட்டையும் வாங்கினாள், ஒன்பதுக்கும் சரி போட்டாள். திரும்பிப் பின் பெஞ்சைப் பார்த்தாள். மாரக்காள் மடியில் தாள் வெறுமனே கிடந்தது. அதைப் பார்த்ததும் ரங்காத்தாள் சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. வீடு கட்டி முடித்தவர்கள் அப்படிச் சிரிப்பார்கள். அவள் கிழக்குப் பக்கத்துச் சிலேட்டுகளைத் திருத்தப் போனாள். அங்கே நாலைந்து பேருக்குத் தப்புப் போட்டாள்.

(கையேட்டுக் குழுவாக இருந்தால் இங்கேயே நிறுத்தச் சொல்லும். நானும் ஒரு நாள் முழுக்க இங்கேயே நிறுத்தி வைத்திருந்தேன். ஆனால் சாமியாத்தாள் உட்காரவில்லை.)

அவள் வெள்ளையனின் சிலேட்டையும் தன் சிலேட்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, வகுப்பைக் கடந்து வந்து ரங்காத்தாளுக்குப் பின்னால் நின்றாள்.

"டீச்சர், இவனுக்கு இருபத்தஞ்சு வந்திருக்குது. எனக்கு முப்பத்தஞ்சு. ரெண்டுக்கும் ரைட்டுப் போட்டிருக்கீங்க."

ரங்காத்தாள் பார்த்தாள். இரண்டிலிருந்து ஏழு போகாததால், சிறுமி ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டிருந்தாள். எந்தத் தப்பைச் சரிசெய்ய இரண்டு நாளாக முடிச்சு முடிச்சாக அவிழ்த்துக் காட்டினாளோ, அதே தப்பு. அதன் மேல் அவள் போட்ட பெரிய சரி. அந்தச் சிலேட்டைக் கையில் வாங்கியது அவளுக்கு நினைவிருந்தது, அதில் என்ன எழுதியிருந்தது என்பது நினைவில்லை.

"என்னோடது தப்புன்னா தப்புப் போடுங்க டீச்சர்," என்றாள் சாமியாத்தாள். "அந்தப் பக்கத்துப் புள்ளைங்களுக்கெல்லாம் போடறீங்கல்ல."

9

இதை எழுதி முடித்ததும் எனக்கு நிம்மதியாக இருக்கிறது. பத்து வருஷமாக அந்தக் குரலை நான் ஒருத்தியே கேட்டுக்கொண்டிருந்தேன். எட்டு வயசுப் பெண், தனக்கு ஒரு தப்பு வேண்டும் என்று வந்து நின்றாள். எங்கள் செட்டில் பதினொரு பேர் பாடக்குறிப்பில் எழுதிய பதினொரு சமத்துவ வரிகளையும் நான் இதற்கு ஈடாகக் கொடுத்துவிடுவேன். தவளை வரி உட்பட.

ரங்காத்தாள் சாக்பீஸோடு நின்றாள். அவள் மனசில் என்னென்ன ஓடியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியும். மேற்குப் பக்கத்திலிருந்து முதன்முதலாகக் கைக்கு வந்த சிலேட்டில் பெருக்கல் குறியா? பின்னால் பத்து நோட்டுகள் திறந்திருக்கின்றன. மாரக்காள் மடியில் அந்தத் தாள், அம்பு ஒட்டாமல். ஒன்றும் செய்யாமல், அப்புறம் பார்க்கலாம் போய் உட்கார் கண்ணு என்று அன்பாகச் சொல்லிவிட்டால் தாள் அப்படியே இருக்கும். மீதி ஏழு சிலேட்டுகளில் என்ன இருந்தது என்பதும் அவளுக்குத் தெரியாது. இரண்டு நாளில் இரண்டாவது முறையாக, அவள் அந்தப் பிள்ளைகளின் கணக்கைச் சரியாகப் பார்க்கவில்லை.

அதற்கு அடுத்து நடந்ததை என்னால் சொல்ல முடியாது. மறைக்கவில்லை. சாமியாத்தாள் பேசிய உடனே நான் நோட்டில் குனிந்து, "மாணவர் பங்கேற்பு நன்று" என்று எழுதிக்கொண்டிருந்தேன். அதை அழகாக வேறு எழுதினேன். நிமிர்ந்தபோது மணி அடித்துவிட்டது, பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்றதில் முன்னால் எதுவும் தெரியவில்லை. மாரக்காள் மறுபடி பூத்திலிருந்து போன் போட்டபோது கேட்டேன். "நீயும் அங்கதான் புள்ள உக்காந்திருந்தே," என்று சொல்லிவிட்டு, மீட்டர் ஓடுகிறது என்று வைத்துவிட்டாள். ரங்காத்தாளிடம் கேட்கலாம். எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை.

பின் பெஞ்சில் என் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் இருக்கிறது. வாருங்கள். நோட்டு எடுத்துவர வேண்டாம். ரங்காத்தாளின் ஒரு கையில் சிலேட்டு, மறு கையில் சாக்பீஸ். சாமியாத்தாள் நகராமல் நிற்கிறாள். நான் குனிந்துவிட்டேன். நீங்கள் பாருங்கள்.